வட்டிக்கு வட்டி கேட்கும் வாத்தியம்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) பார்த்தவர்கள் கையைத் தூக்கலாம். சுறா வருவதற்கு முன்னாலேயே அது வரப் போகிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? காதால்தான். அடியில் இரண்டே ஸ்வரம் மாறி மாறி நெருங்கி வரும். அதற்கு மேலே ஒரு தடித்த குரல் மெட்டு ஒன்றை நிதானமாக இழுக்கும். அடிவயிற்றில் என்னவோ பண்ணும். அந்தத் தடித்த குரலுக்குப் பின்னால் இருந்த ஆசாமி டாமி ஜான்ஸன். அவர் வாசித்த வாத்தியம் டூபா.

ஜான் வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்திருந்தது டூபாவுக்கு ரொம்பவே உச்சஸ்தாயி. 'இதை ஃப்ரெஞ்ச் ஹார்னுக்குக் கொடுத்திருக்கலாமே' என்று ஜான்ஸன் கேட்க, இன்னும் கொஞ்சம் மிரட்டலான குரல் வேண்டும் என்றுதான் டூபாவுக்குக் கொடுத்ததாக வில்லியம்ஸ் சொன்னாராம். பின்னே? சுறாவுக்குப் புல்லாங்குழலா வாசிக்க முடியும்?

டூபாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவை டி.வி.யில் காட்டும்போது கடைசி வரிசை ஓரத்தில் ஒருவர், மடியில் வளர்ந்த பையன் ஒருவனை உட்கார வைத்த மாதிரி பெரிய பித்தளைச் சமாசாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காமிரா வயலின் பெண்களையே சுற்றிக்கொண்டிருக்கும். இவர் பக்கம் வருவதற்குள் கச்சேரி முடிந்துவிடும். ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷன் மாதிரி. இருப்பது தெரியாது, ஒருநாள் லீவு போட்டால் தெரியும்.

இந்த டூபா எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். நான் பி.காம். பௌதிகம் எனக்குப் பத்தாவதோடு சரி. ஆனால் டூபாவுக்குள் போனால் கடைசியில் வந்து நிற்கிற இடம் அக்கவுண்டன்ஸி. அதனால் தைரியமாக இறங்குகிறேன், கூடவே வாருங்கள்.

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். டூபாவில் சத்தம் எங்கே உண்டாகிறது? 'அவ்வளவு பெரிய குழாய், அதிலேதான் ஸார்' என்பீர்கள். இல்லை. சத்தம் உண்டாவது வாசிப்பவரின் உதட்டில். கைக்குழந்தைகள் 'ப்ர்ர்ர்' என்று எச்சில் தெறிக்க மோட்டார் வண்டி ஓட்டுமே, அதேதான். உதடுகளைச் சேர்த்து, இடுக்கு வழியாகக் காற்றைத் தள்ளினால் உதடு படபடக்கும். திறக்கும், மூடும், திறக்கும், மூடும். விநாடிக்கு 58 தடவை இப்படி நடந்தால் ஒரு ஸ்வரம், 87 தடவை நடந்தால் இன்னொரு ஸ்வரம். நாகஸ்வரத்தில் சீவாளி செய்கிற வேலையை இங்கே உதடே செய்கிறது. கோயில் சங்கும் கொம்பும் இதே ஜாதிதான். சங்கு ஊதத் தெரிந்த பூசாரிக்கு டூபாவின் முதல் பாடம் ஏற்கெனவே பாஸ்.

உதட்டை வைக்கிற கிண்ணத்துக்கு மௌத்பீஸ் என்று பெயர். டிரம்பெட்டில் அதன் உள்விட்டம் சுமார் 16, 17 மில்லிமீட்டர். டூபாவில் 32, 33. ஏன் இரண்டு மடங்கு? கனமான உதட்டுப் பரப்பு மெதுவாக அசைய இடம் வேண்டும். சின்ன மணி 'கிணிங்', பெரிய மணி 'டாண்' என்பது போல.

சரி, உதடே எல்லாவற்றையும் செய்கிறதென்றால் பத்துக் கிலோ பித்தளை எதற்கு?

கண்டிப்பான மேலதிகாரியாக இருப்பதற்கு. வெறும் உதட்டுப் படபடப்பு குடிகாரன் நடை மாதிரி, இஷ்டத்துக்குப் போகும். குழாய் அதைப் பிடித்து ஒழுங்குபடுத்துகிறது. உதடு ஒருமுறை திறந்து மூடும்போது ஒரு காற்றழுத்தத் துடிப்பு குழாய்க்குள் ஓடுகிறது. (காற்றே ஓடுவதாக நினைத்துவிடாதீர்கள். ஊதின காற்று ஆடி அசைந்து பின்னால் வரும். ஓடுவது அலை.) சாதாரணப் பெரிய டூபா, பி-ஃப்ளாட் ரகம், சுருள்களைப் பிரித்து நீட்டினால் சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அலை அந்தக் கோடிவரை போகிறது. அங்கே வெட்டவெளி. உடனே வெளியே குதித்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை. குறுகலான குழாயிலிருந்து திடீரென்று திறந்தவெளியைப் பார்த்ததும், முதல்முறை பட்டணத்துக்கு வந்தவன் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் மிரண்டு நிற்பது போல அலை மிரள்கிறது. பெரும்பகுதி திரும்பி உள்ளேயே ஓடி வந்துவிடுகிறது. கொஞ்சம்தான் வெளியேறுகிறது. அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் காசு கொடுத்துக் கேட்கிறோம்.

திரும்பி வந்த அலை உதட்டைத் தட்டுகிறது. சரியான தருணத்தில் தட்டினால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படியோ அப்படி, உதட்டின் படபடப்பு நிலைத்துவிடுகிறது. நேரம் தவறித் தட்டினால் படபடப்பு தடுமாறும். ஐந்தரை மீட்டர் போய்த் திரும்ப ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் 30-ல் ஒரு பங்கு. எனவே இந்தக் குழாய் சம்மதிக்கிற மிகக் குறைந்த ஸ்வரம் விநாடிக்கு 29 துடிப்பு. அதற்கு மேல் அதன் மடங்குகள்: 58, 87, 116, 145... நடுவில் உள்ள எண்களுக்குக் குழாயின் சாங்ஷன் கிடையாது. உதட்டை இறுக்கினால் அடுத்த படிக்குத் தாவலாம், தளர்த்தினால் கீழே இறங்கலாம். 70-ல் நிற்கிறேன் என்றால் 'ஃபைலைத் திருப்பி அனுப்பு' என்று சொல்லிவிடும்.

கோடியில் பூ மாதிரி விரிந்திருக்கிறதே பெல், 40, 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அது அலங்காரத்துக்கு அல்ல. அலை திடுதிப்பென்று வெளியைப் பார்த்து மிரளாமல், படிப்படியாகப் பழக்கி வெளியே அனுப்புகிறது. எவ்வளவு வெளியே போகலாம், எவ்வளவு உள்ளே திரும்பலாம் என்ற பங்கீடு அதன் கையில். எல்லாமே வெளியே போனால் உதட்டுக்குத் துணை இல்லை. எல்லாமே திரும்பினால் நமக்குப் பாட்டு இல்லை.

பெல் வானத்தைப் பார்த்திருக்கிறதே, சத்தம் கூரைக்குப் போய்விடாதா என்று கேட்கலாம். 58 துடிப்பு ஸ்வரத்தின் அலை நீளம் சுமார் 6 மீட்டர். பெல்லோ அரை மீட்டருக்குக் குறைவு. அவ்வளவு நீள அலை இத்தனூண்டு வாயிலிருந்து வரும்போது திசை பார்க்காது, நாலா பக்கமும் பரவும். அதனால்தான் டூபா எங்கே வாசிக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். ஹால் முழுக்க இருக்கிற மாதிரியே தோன்றும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அடித்தள ஸ்வரங்களில் டூபா வெளியே விடுகிற சக்தியில் அந்த அடித்தளத் துடிப்பின் பங்கு சொற்பம். அதன் மடங்குகள்தான் ஜாஸ்தி. ஆனால் 58, 87, 116 என்று வரிசையாகக் கேட்டதும் நம் மூளை 'ஓஹோ, இதன் மூலம் 29' என்று வராத ஸ்வரத்தையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறது. உங்கள் செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் தடித்த ஸ்வரங்கள் கேட்கின்றனவே, அது சாத்தியமாவதும் இதே மூளைத் தந்திரத்தால்தான். பாதி வாத்தியத்தை வாசிப்பவர் ஊதுகிறார், மீதியை நாமே போட்டுக்கொள்கிறோம்.

இனி என் டிபார்ட்மெண்ட்.

58-க்கும் 87-க்கும் நடுவே இருக்கிற ஸ்வரங்களை எப்படி வாசிப்பது? கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணினால் நடுவில் சரியாக 6 கட்டைகள். அந்த ஆறும் இல்லாமல் பாட்டு வாசிக்க முடியாது. 19-ம் நூற்றாண்டுவரை இதுதான் பெரிய தலைவலி. பிரான்ஸில் 'ஸர்ப்பண்ட்' என்று பாம்பு மாதிரி நெளிந்த ஒரு மர வாத்தியம் வைத்திருந்தார்கள். துளை போட்டு விரலால் மூடித் திறப்பது. அப்புறம் அதற்குப் பித்தளையில் சாவிகள் வைத்து 'ஆஃபிக்ளைட்' என்றார்கள். பெர்லியோஸ் 1830-ல் தன் பிரபலமான சிம்ஃபனியில் அதைத்தான் உபயோகித்தார். பக்கவாட்டில் ஓட்டை போட்டால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் குரல் மாறிவிடும். ஒன்று கம்பீரம், அடுத்தது ஜலதோஷம்.

1818-ல் பிரஷ்யாவில் ஷ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்கு உரிமம் வாங்கினார்கள். ஓட்டை போட்டுக் குழாயைக் குறைப்பதற்குப் பதில், வால்வை அழுத்தினால் உபரிக் குழாய் ஒன்று வழியில் சேர்ந்துகொள்ளும். குழாய் நீண்டால் ஸ்வரம் இறங்கும். இதை வைத்து பிரஷ்ய ராணுவ பேண்டுத் தலைவர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும், பெர்லினில் வாத்தியம் செய்கிற யோஹான் மோரிட்ஸும் 1835 செப்டம்பர் 12-ம் தேதி 'பாஸ் டூபா'வுக்கு உரிமம் பெற்றார்கள். அணிவகுத்து நடக்கிற பேண்டுக்கு அடித்தளக் குரல் வேண்டும். ஆளுயர டபுள் பாஸை வயிற்றில் கட்டிக்கொண்டு மார்ச் பண்ண முடியாதே.

ஆச்சா? இப்போது மூன்று வால்வு. இரண்டாவது வால்வு ஒரு படி இறக்கும். முதலாவது இரண்டு படி. மூன்றாவது மூன்று படி. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 1+2+3, ஆறு படி. நமக்குத் தேவையும் ஆறு. கணக்கு டாலி! அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆகாது.

ஏன் என்று பாருங்கள். ஒரு படி இறங்கக் குழாய் 5.95 சதவிகிதம் நீள வேண்டும். அடுத்த படிக்கு, நீண்ட குழாயின் மேல் 5.95 சதவிகிதம். அதற்கடுத்த படிக்கு அதன் மேல். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கூட்டு வட்டி! 100 ரூபாய் போட்டால் ஒரு படியில் 105.95, இரண்டில் 112.25, மூன்றில் 118.92, ஆறில் 141.42. பன்னிரண்டாவது படியில் 200. முதல் இரட்டிப்பு. சங்கீதக்காரர்கள் அதற்கு ஆக்டேவ் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். நாங்கள் அதை ஃபிக்ஸட் டெபாஸிட் என்போம்.

இயற்கை கேட்பது கூட்டு வட்டி. வால்வு கொடுப்பதோ தனி வட்டி! ஒவ்வொரு வால்வின் உபரிக் குழாயும் அசல் நீளத்துக்குத்தான் அளந்து வெட்டப்பட்டிருக்கிறது. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 5.95 + 12.25 + 18.92. மொத்தம் 37.12. தேவை 41.42. துண்டு விழுவது 4 ரூபாய் 30 காசு. ஐந்தரை மீட்டர் டூபாவில் அது சுமார் 24 சென்டிமீட்டர் குழாய். காதுக்கு? ஸ்வரம் கிட்டத்தட்ட அரைப் படி ஏறி ஒலிக்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே திரிசங்கு மாதிரி தொங்கும். சின்ன டிரம்பெட்டிலும் இதே சதவிகிதம்தான் தவறும். ஆனால் டிரம்பெட்டில் பிசகினால் ஒரு ஆள் பிசகினதாகக் கேட்கும். டூபா என்பது மொத்த பேண்டும் நிற்கிற தரை. தரை சாய்ந்தால் மேலே நிற்கிற அத்தனை பேரும் சாய்ந்த மாதிரி தெரியும்.

துண்டு விழுந்ததை எப்படிச் சரிக்கட்டுவது? லண்டன் பூஸி கம்பெனியில் இருந்த டேவிட் ப்ளெய்க்லி 1874-ல் ஒரு வழி பண்ணினார். மூன்றாவது வால்வை அழுத்தினால் காற்றுப் பாதை திரும்பி வந்து முதல் இரண்டு வால்வுகளுக்குள் மறுபடி நுழையும். அவையும் அழுத்தப்பட்டிருந்தால் அங்கே குட்டிக் குழாய்கள் கூடுதலாகச் சேரும். அதாவது வட்டிக்கு வட்டி! இதை முதலில் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது எனக்கு. பித்தளையில் இதைவிட அழகாக யாரும் பேரேடு எழுதியதில்லை. ஆனால் எடை கூடும், பாதை நெளியும், ஊதுவது கடினமாகும். வேறு சிலர் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வால்வுகள் வைத்தார்கள். எதுவும் முழுத் தீர்வு இல்லை.

டிரயல் பாலன்ஸ் டாலி ஆகாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவோம். டூபாவின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வாசிப்பவரின் உடம்புதான். ஒரு ஸ்வரம் ஏறி நிற்கும் என்று தெரிந்தால் உதட்டை ஒரு மயிரிழை தளர்த்திக் கீழே இழுப்பார். இல்லாவிட்டால் வாசித்துக்கொண்டே இடது கையால் ஒரு குழாயை வெளியே இழுத்து, அடுத்த ஸ்வரத்துக்குள் உள்ளே தள்ளுவார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும், அந்தந்தக் கணத்தில். இது எதுவும் கேட்கிறவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் சரியாக வாசிக்கவில்லை என்று அர்த்தம். மாசக் கடைசியில் கணக்கை நேர் செய்துவிட்டு ஒன்பது மணிக்குப் பஸ் பிடிக்கிற நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் மூச்சு வேறு. உரக்க, அடித்தள ஸ்வரம் ஒன்றை ஊதினால் நெஞ்சு நிறைய இழுத்த காற்று சில விநாடிகளில் காலி. அப்படியானால் டூபா வாசிக்க பயில்வான் நெஞ்சு வேண்டுமா? ஆர்னால்ட் ஜேகப்ஸ் என்று ஒருவர். சிகாகோ சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் 1944 முதல் 1988 வரை, 44 வருஷம் டூபா. அந்த நூற்றாண்டின் பெரிய டூபா கலைஞர்களில் ஒருவர். அவருக்கு நுரையீரல் சராசரியைவிடக் குறைந்த திறன், ஆஸ்துமா வேறு. இருக்கிற கொஞ்சக் காற்றை எப்படிச் செலவு செய்வது என்று ஆராய்ந்து ஆராய்ந்து, கடைசியில் மூச்சுக்கே வாத்தியாராகிவிட்டார். டிரம்பெட், ஹார்ன்காரர்கள்கூட அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். உதட்டையும் தசையையும் பற்றிக் கவலைப்படாதே, பாட்டை மனசில் பாடு, காற்றைத் தாராளமாக விடு என்பதுதான் அவர் சொல்லிக் கொடுத்ததன் சாரம்.

இப்படி உழைத்தவர்களுக்கு உலகம் என்ன செய்தது? 1920-களின் ஜாஸ் இசைக் குழுக்களில் பாஸ் என்றால் பெரும்பாலும் டூபாதான். மைக் இல்லாத காலம். ரிக்கார்டிங்குக்கு ஒரு பெரிய கூம்பு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். டபுள் பாஸ் தந்தியின் முணுமுணுப்பு அதில் சரியாக விழாது. டூபா விழும். 1925-ல் மைக் வைத்த மின்சார ரிக்கார்டிங் வந்தது. தந்தியின் முணுமுணுப்பும் கேட்க ஆரம்பித்தது. சங்கீத ரசனையும் இலகுவான துள்ளலுக்கு மாறியது. 1930-களின் ஆரம்பத்துக்குள் டூபாவுக்குப் பெரும்பாலான ஜாஸ் குழுக்களில் இடமில்லை. வாசித்தவர்கள் என்ன செய்தார்கள்? டபுள் பாஸ் கற்றுக்கொண்டார்கள். ஃப்ளெட்சர் ஹெண்டர்ஸன் குழுவில் டூபா வாசித்த ஜான் கர்பி தந்திக்கு மாறி, பின்னாளில் பாஸ் வாசிப்பாளராகவே பெயர் வாங்கினார். மாற முடியாதவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. டைப்ரைட்டர் மேஜையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. திறமையில் குறை இல்லை, மெஷின் மாறிவிட்டது.

ஆனால் டூபா செத்துப் போகவில்லை. 1954-ல் லண்டனில், 81 வயதான வான் வில்லியம்ஸ், டூபாவை மேடையின் முன்னால் உட்கார வைத்து ஒரு கன்செர்டோ எழுதினார். ஃபிலிப் கேட்டலினெட் வாசித்தார். அதற்குமுன் 1949-50-ல் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஒன்பது பேர் குழு ரிக்கார்டுகளில் பில் பார்பர் டூபாவை ஜாஸுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். 1977-ல் நியூ ஆர்லியன்ஸில் ஆரம்பித்த டர்ட்டி டஸன் பேண்டில் டூபாவின் தம்பி ஸூஸஃபோன் தெருவையே ஆட வைத்தது.

எனக்குப் பிடித்த விஷயம் கடைசியில். வில்லியம் பெல் என்று ஒரு டூபா வாத்தியார். 1902 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். அவர் காலமான பிறகு அவரது சிஷ்யர் ஹார்வி ஃபிலிப்ஸ், 1974 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் டூபாக்காரர்களையும் யூஃபோனியக்காரர்களையும் கூப்பிட்டார். 300 பேருக்கு மேல் வந்தார்கள். டிரம்பெட் கிடையாது, வயலின் கிடையாது. வாழ்க்கை பூரா பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாட்டுக்கு 'பூம்' போட்டவர்கள் மட்டும் கூடி, கிறிஸ்துமஸ் பாட்டுகளின் மெட்டைத் தாங்களே வாசித்தார்கள். இன்றும் வருஷா வருஷம் பல ஊர்களில் இது நடக்கிறது.

அடுத்த முறை டி.வி.யிலோ அணிவகுப்பிலோ பேண்டு வந்தால் காமிரா காட்டுகிற இடத்தை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். அங்கே ஒருவர் கன்னம் சிவக்க, இடது கையால் எதையோ இழுத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். தொந்தரவு செய்யாதீர்கள். 4 ரூபாய் 30 காசைக் கைக்காசு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்.